சொல்பவரே பொய் சொன்னால்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கதையைச் சொல்பவரையே நம்ப முடியாத உளவியல் திரில்லர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னை வாசகர்களுடையவை. ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு வகையில் கணவன் மனைவி உறவில் வந்து நிற்கின்றன. சில கதைகளின் முடிவை உடைக்காமல் பதில் சொல்ல இயலவில்லை. 'கான் கேர்ள்', 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்', 'புதிய பறவை' ஆகியவற்றை இனிமேல்தான் படிக்கவோ பார்க்கவோ போகிறவர்கள் அந்தந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

'கான் கேர்ள்' நாவலைப் பாதிவரை உருகி உருகிப் படித்தேன். அதன்பின் அந்த மனைவியின் நாட்குறிப்பு முழுவதும் பொய் என்று தெரிந்தபோது, என்னை ஏமாற்றியது அவளா, எழுத்தாளரா என்று கோபம் வந்தது. வாசகரிடம் இப்படிப் பொய் சொல்வது முறைதானா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது எழுத்தாளர்மீது பாய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2012-இல் வெளிவந்த அந்த நாவலில் கில்லியன் ஃப்ளின் இரண்டு குரல்களை மாறி மாறிப் பேச விடுகிறார். கணவன் நிக், மனைவி காணாமல் போன நாளிலிருந்து தன் கதையைச் சொல்கிறான். மனைவி ஏமி, அவர்கள் சந்தித்த நாள் முதலாகத் தன் நாட்குறிப்பின் வழியே பேசுகிறாள். நிக் தன்னைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறான். போலீசாரிடம் தான் சொன்ன பொய்கள் எத்தனை என்று அவனே எண்ணிக் காட்டுகிறான். அதனால் நாம் அவனைச் சந்தேகிக்கிறோம், அவளை நம்புகிறோம். தன் பொய்யை ஒப்புக்கொள்கிறவனைவிட, பொய்யே சொல்லாதவள் போலத் தோன்றுகிறவளிடம் மனம் சாய்வது நம் இயல்பு.

ஆனால் அந்த நாட்குறிப்பைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். உண்மையான நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் தமக்குத் தெரிந்ததைத் தமக்கே விளக்கிக்கொண்டிருப்பதில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், பால் கணக்கும் பல்வலியும் எழுதுவார்கள். ஏமியின் குறிப்புகளில் ஒவ்வொரு நாளும் அழகாகத் தொடங்கி அழகாக முடிகிறது, முன்பின் தெரியாத ஒருவர் பின்னாளில் எடுத்துப் படிப்பதற்கென்றே எழுதியதுபோல. அவள் பெண்கள் பத்திரிகைகளுக்கு 'உங்கள் குணம் என்ன?' என்பது போன்ற வினாவிடைகளைத் தயாரித்து வாழ்ந்தவள் என்பதும் நமக்கு முன்பே சொல்லப்பட்ட செய்திதான். எந்த வகைப் பெண்ணை எந்த வாசகிக்குப் பிடிக்கும் என்பதை அறிந்துகொள்வதே அவளுடைய தொழிலாக இருந்தது. சான்றுகள் நம் கண்முன்னேயே இருந்தன. நாம் இரக்கத்தில் இருந்ததால் பார்க்கவில்லை.

அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத் 1961-இல் எழுதிய நூலின் மூலமாகவே 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்து விமர்சன மொழியில் நிலைபெற்றது. கதைசொல்லியின் பார்வையும் படைப்பின் பார்வையும் ஒன்றல்ல என்று வாசகர் உணரும்போதே அந்தக் கதைசொல்லி நம்பகமற்றவர் ஆகிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். வாசகருக்கு அதை உணர்வதற்கான வழி முதல் பக்கத்திலிருந்தே திறந்திருக்க வேண்டும் என்பதை நான் அதனோடு சேர்த்துக்கொள்கிறேன். அந்த வழியை அடைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் சுவரை இடித்துக்கொண்டு வெளிவரும் ட்விஸ்ட்டுதான் முறைகேடு. அப்படிப்பட்ட நாவல்கள் புத்தகக் கடைகளில் நிறையவே கிடைக்கின்றன. உங்கள் கோபத்தை அவற்றுக்காகச் சேமித்து வையுங்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய்வரும்போது 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' படித்து முடித்தேன். தான் செய்ததையே ஒருவர் நினைவில் வைத்திருக்காமல் இருப்பது, அதைவிட, செய்யாததைச் செய்ததாக நம்புவது உண்மையில் நடக்குமா?
– வங்கி ஊழியர், கிழக்குத் தாம்பரம்

இரண்டுமே நடக்கும். பௌலா ஹாக்கின்ஸ் 2015-இல் எழுதிய அந்த நாவலில், குடிப்பழக்கத்தால் வேலையையும் மண வாழ்வையும் இழந்த ரேச்சல், தினமும் ரயில் ஜன்னலிலிருந்து பிறர் வீடுகளைப் பார்த்தபடி லண்டனுக்குப் போய்வருகிறாள். ஒரு குறிப்பிட்ட இரவில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடிக்கும்போது, மூளையில் புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதி தற்காலிகமாகச் செயலிழக்கலாம். அந்த நேரத்தில் அவர் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார். பதிவு மட்டும் நடக்காது. ஆகவே அது மறதி என்றுகூடச் சொல்ல முடியாது, மறப்பதற்கு அங்கே எதுவும் எழுதப்படவேயில்லை. அப்படி எழுதப்படாத பக்கத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்பதுதான் அந்த நாவலின் நெஞ்சை உறைய வைக்கும் செய்தி. முன்னாள் கணவன் டாம் அதை நிரப்பியிருக்கிறான். அவள் வெறிகொண்டு செய்ததாக அவன் சொல்லிச் சொல்லி அவளை வெட்கப்பட வைத்த செயல்கள் அவள் செய்தவையே அல்ல.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் குடிகூடத் தேவையில்லை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு ஒரு கார் விபத்தின் படத்தைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம், கார்கள் 'மோதியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள்; இன்னொரு பிரிவினரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ற பொருள் வரும் கடுமையான சொல்லைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பிரிவில் 50 பேரில் 7 பேரும், 'நொறுங்கிய' பிரிவில் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அந்நியர் ஒருவர் ஒரே ஒரு முறை சொன்ன ஒரு சொல்லுக்கு அவ்வளவு வலிமை என்றால், ஒரே வீட்டில் பத்தாண்டுகள் உடன் வாழ்கிறவர் தினமும் சொல்லும் சொற்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய கதைகள் ஏன் எப்போதும் கணவன் மனைவியையே சுற்றி வருகின்றன? நண்பர்களோ அண்ணன் தம்பியோ பொய் சொல்வதில்லையா?
– ஓய்வுபெற்ற வழக்கறிஞர், புரசைவாக்கம்

நீங்கள் வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, மண வாழ்க்கையின்போது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை நீதிமன்றத்தில் வெளியிடும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அவர்களுக்கிடையிலான வழக்குகளுக்கும், ஒருவர் மற்றவர்மீது இழைத்த குற்றத்துக்கான வழக்குக்கும் மட்டுமே விலக்கு அளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் இந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது. சட்டமே வாசலில் நின்றுவிடும் அறை அது. அங்கே நடந்ததற்குச் சாட்சிகள் இரண்டே பேர், இருவருமே வழக்கின் கட்சிக்காரர்கள். அண்ணன் தம்பி சண்டைக்கு அம்மா சாட்சி, நண்பர்கள் சண்டைக்கு டீக்கடையே சாட்சி. படுக்கையறையில் இரவு பதினொரு மணிக்குச் சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்கு யார் சாட்சி? இந்த வகை நாவல் வாசகரை மூன்றாவது சாட்சியாக உள்ளே அழைத்து உட்கார வைக்கிறது. அதே நேரத்தில் நம் காதில் ஒருவர் மட்டும் கிசுகிசுக்கும்படி செய்துவிடுகிறது.

தமிழில் இப்படி எதுவும் முன்பே வந்ததில்லையா? எல்லாமே இறக்குமதிதானா?
– வாசகர், மயிலாப்பூர்

வந்திருக்கிறது, அதுவும் மிக உயர்ந்த தரத்தில். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' உங்களுக்கு நினைவிருக்கும். பாடலே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். 1943-இல் ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய காலத்தில் ஒரு ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி என்று ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்ல, இறந்த மனிதர் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொருவராக மாறிக்கொண்டே போகிறார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், மனைவிக்கு ஏதோ ஆபத்து என்ற அச்சம். அச்சத்தை அவளிடமே சொல்ல முடியாத கணவனின் குரலில் முழுக் கதையும் நகர்கிறது. அது பேயா, அவனுடைய மனமா என்பதை முடிவு செய்ய நமக்கு அவனைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஆனால் என் கணிப்பில், நம்பகமற்ற கதைசொல்லியைத் தமிழில் மிகத் துணிச்சலாகக் கையாண்டது 1964-இல் வந்த 'புதிய பறவை'தான். அதன் கதை வங்காளப் படமொன்றிலிருந்தும், அந்தப் படம் ஓர் ஆங்கிலப் படத்திலிருந்தும் வந்தவை என்பது உண்மை. எனினும் கோபாலாகச் சிவாஜி கணேசன் நடித்த அந்த மனிதனின் குரல் நம்முடையது. ரயிலைக் கண்டாலே நடுங்குகிறான் கோபால். காரணம் கேட்கும் காதலி லதாவிடம், தன் முதல் மனைவி சித்ராவைப் பற்றியும், அவள் ரயிலில் அடிபட்டுத் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றியும் சொல்கிறான். அவன் சொல்வது நமக்குக் காட்சியாகவே திரையில் ஓடுகிறது. காதால் கேட்டதைச் சந்தேகிக்கும் நாம், கண்ணால் கண்டதைச் சந்தேகிப்பதில்லை. அங்கேதான் படம் நம்மைப் பிடித்துவிடுகிறது. இறந்தவள் நானே என்று ஒரு பெண் வந்து நின்ற பிறகு, தப்புவதற்கு வேறு வழியில்லாமல் அவன் உண்மையைச் சொல்கிறான். தான் அறைந்த அறையில் அவள் இறந்தாள்; அதை மறைக்கவே அவள் ரயிலில் அடிபட்டு இறந்ததுபோல் காட்டினான். அவன் நடுக்கம் தொடக்கம் முதலே உண்மையானது, நடுக்கத்துக்கு அவன் சொன்ன காரணம் மட்டும்தான் பொய்.

இந்தப் படத்தை நான் முதன்முதலில் தொலைக்காட்சியில் பார்த்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, சித்ரா குடிப்பதும் ஆடுவதுமாக வரும் அந்த முன்கதை முடிந்தவுடன், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "செத்துப்போனவளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூட இவன் வாயில வரலையே" என்றார். அம்மா அதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. உண்மையாகத் துக்கப்படுகிறவர்கள், எவ்வளவு கசந்த உறவாக இருந்தாலும், இடையில் எங்காவது இறந்தவர் கைப்பக்குவத்தையோ சிரிப்பையோ நினைவுகூர்ந்துவிடுவார்கள் என்பது அம்மாவின் அனுபவ அறிவு. இன்றும் இவ்வகை நாவல் எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்: சொல்பவர் தம் துணையைப் பற்றித் தற்செயலாகவேனும் ஒரு நல்ல சொல் சொல்கிறாரா?

பல கதைகளில் கடைசியில் "அவளுக்கு மனநோய்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு மனநல மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் எனக்கு இது வேதனையாக இருக்கிறது.
– வாசகி, அயனாவரம்

எனக்கும்தான். நோய் ஒருவரைப் பொய்யராக்குவதில்லை, கொலைகாரராக்குவதும் இல்லை. அப்படி முடிக்கும் எழுத்தாளர், ஏன் பொய் சொன்னாள் என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க முடியாமல் நோயின் தலையில் பாரத்தை இறக்கிவைக்கிறார். அத்தகைய புத்தகங்களை நான் இந்தப் பகுதியில் பரிந்துரைத்ததில்லை, இனியும் செய்யமாட்டேன்.

மனைவியே கதை சொல்வதாக ஒரு திரில்லர் சிறுகதை எழுதியிருக்கிறேன், இணைத்திருக்கிறேன். படித்த தோழிகள், அவள்தான் குற்றவாளி என்பது திடீரென்று வருகிறது, நம்ப முடியவில்லை என்கிறார்கள். எங்கே பிழை?
– இல்லத்தரசி, வேளச்சேரி

கதையை இரண்டு முறை படித்தேன். அடுக்ககத்தின் நான்காம் மாடி, மழை வெள்ளம் வந்த இரவு, மின்சாரம் போன வீட்டில் கணவன் மனைவி இருவர் மட்டும் என்ற அமைப்பு வலுவானது. பிழை கதைத் திட்டத்தில் இல்லை, வினைச்சொற்களில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இந்த வகைக் கதைக்குத் தமிழ் தரும் வசதிகளை நம்மில் பலர் பயன்படுத்துவதேயில்லை.

உங்கள் கதையில் அவள், "நான் டம்ளரைப் போட்டு உடைத்தேன்" என்று முதல் பக்கத்திலேயே சொல்கிறாள். குற்றத்தை மறைக்கிற ஒருத்தி அப்படிச் சொல்லமாட்டாள். "டம்ளர் கீழே விழுந்து உடைந்தது" என்பாள். உடைத்தேன் என்பதற்கும் உடைந்தது என்பதற்கும் இடையில் ஓர் ஒற்றெழுத்தும் விகுதியும்தான் மாறுகின்றன. ஆள் அப்படியே மறைந்துவிடுகிறார். கதவு திறந்தது, விளக்கு அணைந்தது, பேச்சு வளர்ந்தது, கை பட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டே போனால், அந்த வீட்டில் எல்லாம் தாமாகவே நடப்பதுபோல் தோன்றும். வாசகர் முதல் முறை அதைக் கவனிக்கமாட்டார். முடிவைப் படித்தபின் திரும்பி வரும்போது, அவள் எங்கெல்லாம் தன்னை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டாள் என்பது ஒவ்வொன்றாகத் தெரியும். "எனக்குக் கோபம் வந்தது" என்பதும் அப்படித்தான். கோபம் எங்கிருந்தோ வந்த விருந்தாளி போலவும், அவள் வெறுமனே கதவைத் திறந்தவள் போலவும் அந்த வாக்கியம் பேசுகிறது.

இன்னொன்று, நம் 'ஆம்'. "அவர் ஆபீசிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாராம்" என்றால், அது பிறர் சொல்லக் கேட்டது. "கிளம்பிவிட்டார்" என்றால் அவளுக்கு நேரடியாகத் தெரியும். வீட்டில் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் உங்கள் கதைசொல்லி, ஒரே ஓர் இடத்தில் அந்த 'ஆம்'மைப் போட மறந்துவிடட்டும். அவள் அங்கே போயிருந்தாள், பார்த்திருக்கிறாள் என்பதற்கு அதைவிட நேர்மையான தடயம் வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் அறியாமலேயே செய்திருப்பது. கதை முழுவதும் கணவனை 'அவர்' என்று குறிப்பிடும் அவள், ஏழாம் பக்கத்தில், மாமியாருக்கு போன் செய்யும் இடத்தில், 'அவன்' என்கிறாள். அது எழுத்துப் பிழையாகவே இருக்கலாம். தயவுசெய்து திருத்தாதீர்கள். மரியாதை விகுதி நழுவும் அந்த ஒரு நொடியில், அவள் பத்தாண்டுகளாக என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

அவள் யாரிடம் இந்தக் கதையைச் சொல்கிறாள் என்பதையும் முடிவு செய்யுங்கள். 'புதிய பறவை'யில் கோபால் தன் கதையைச் சொன்ன லதா உண்மையில் காவல்துறையைச் சேர்ந்தவள். இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறாளா, மாமியாரிடமா, தன்னிடமேவா என்பதைப் பொறுத்து அவள் மறைப்பதும் மாறும். இதைச் செய்தால், வாக்குமூலம் வரும் அந்தக் கடைசிப் பக்கமே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இவற்றைப் படிக்கப் படிக்கக் கணவரைச் சந்தேகப்படும் புத்தி வந்துவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறார்.
– வாசகி, குரோம்பேட்டை

நல்ல திரில்லரை முடித்தபின் ஒன்றிரண்டு நாள் அந்தக் கலக்கம் இருக்கும், பிறகு போய்விடும். போகவில்லை என்றால் காரணம் புத்தகத்தில் இருக்காது. அதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

நான் சொன்னதை "நீ சொல்லவே இல்லை" என்கிறார். வைத்த இடத்தில் பொருள் இருப்பதில்லை. கேட்டால் எனக்கு ஞாபக மறதி என்று உறவினர்களிடம் சொல்கிறார். ஒரு திரில்லர் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த மனைவியின் இடத்தில் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நான்தான் தவறாக நினைக்கிறேனோ என்று தெரியவில்லை.
– பெயரும் ஊரும் வேண்டாம்

உங்கள் கடிதத்தைப் பல நாள் மேசைமேல் வைத்திருந்தேன். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நடப்பதைத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் விவரிப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையும், அந்தப் பெயர் ஒரு திரில்லரிலிருந்தே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகம் 1944-இல் இங்கிரிட் பெர்க்மன் நடிக்க ஹாலிவுட் படமாகவும் வந்தது. அதில் கணவன் பொருள்களை ஒளித்து வைத்துவிட்டு, மனைவிதான் தொலைத்தாள் என்று அவளையே நம்ப வைக்கிறான். அவன் வெளியே போய்விட்டதாகச் சொல்லும் ஒவ்வோர் இரவும் அவள் அறையின் கேஸ் விளக்கு மங்குகிறது. மேல் மாடியில் அவனே விளக்கை ஏற்றுவதால் கீழே வெளிச்சம் குறைகிறது. தன் புத்திதான் கலங்கிவிட்டது என்று அவள் முடிவு செய்துகொள்கிறாள். ஒருநாள் அந்த அறைக்கு ஒரு துப்பறியும் அதிகாரி வருகிறார். விளக்கு மங்குகிறது. அவரும் அதைப் பார்க்கிறார். அவள் குணமாவது அந்த நொடியிலிருந்துதான்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும், அவர் எல்லோரிடமும் சொல்லப்பட்ட கதையைக் கேட்டு முடிவெடுத்தவராக இருக்கக் கூடாது. தேதியும் நேரமும் போட்டு, நடந்ததை மட்டும், அன்றன்றே எழுதி, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடியை மட்டுமன்றி, சொல்லாலும் உணர்வாலும் செய்யப்படும் வன்முறையையும் வன்முறையாகவே கருதுகிறது. பயமும் தூக்கமின்மையும் அதிகமாக இருந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இரவு எத்தனை மணியானாலும் எடுப்பார்கள், அழைப்பதற்கு நீங்கள் எதையும் முன்கூட்டி நிரூபிக்க வேண்டியதில்லை.